"எங்கள் ஊர்" என்னும் கட்டுரை

தமிழ் வகுப்பில் எழுதப்படும் கட்டுரைத் தலைப்புகளுள் "எங்கள் ஊர்" என்பதைப்போல் எளியது பிறிதொன்றில்லை. அதனைப்போல் பொய்யாக எழுதப்படுவதும் பிறிதொன்றில்லை. செங்காங்கில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கும் ஒரு மாணவன் இத்தலைப்பில் எழுதும்போது, அவன் ஊரில் வயல்கள் பச்சைப் பட்டு விரித்தாற்போல் காட்சி தருகின்றன. ஏரி நிரம்பித் தளும்புகிறது. மாடுகள் மணியொலிக்க வீடு திரும்புகின்றன. கோபுரம் வானளாவி நிற்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் அவன் நாள்தோறும் கண்டதில்லை. மாதிரிக் கட்டுரை நூல்களில் கண்டான், எழுதினான், மதிப்பெண்ணும் பெற்றான். அவன் வீட்டுச் சன்னலுக்குக் கீழே ஓடும் பொங்கோல் ஆறோ, நாள்தோறும் ஏறி இறங்கும் இலகு ரயில் நிலையத்தின் பெயரோ அக்கட்டுரையில் தலைகாட்டுவதில்லை.

இது மாணவன் குறையன்று. ஊரைப்பற்றி எழுதுதல் என்றால் என்ன என்பதுபற்றி நம் எழுத்துலகில் வேரூன்றியுள்ள ஒரு கருத்தின் குறை. ஊர் என்றால் பழமை வேண்டும், பெருமை வேண்டும், பாடல் பெற்றிருக்க வேண்டும் என்று நாம் எண்ணிவிட்டோம். சிற்றூரை, பெயர்பெற்றார் எவரும் பிறவாத ஊரை, அரசன் எவனும் வந்து தங்காத ஊரை எவ்வாறு எழுதுவது? இவ்வினாவுக்கு விடை காண, இத்தகைய எழுத்தில் நெடுங்காலம் பழகிய ஒரு நாட்டின் முறையை முதலில் நோக்குதல் தகும். பிறகு செங்காங்குக்கு வருவோம்.

ஆங்கிலேயர் நாட்டில் ஒரு கோயிலும் அதனைச் சூழ்ந்த குடிகளும் நிலமும் சேர்ந்து ஒரு பங்கு எனப்பட்டன. நம் கத்தோலிக்க மக்கள் வழங்கும் சொல் பங்கு. திருநெல்வேலிச் சீமைச் சீர்திருத்தத் திருச்சபையார் சேகரம் என்பர். 1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஒரு பதிவேடு வைத்து, நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதிவரல் வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். ஆணையின் நோக்கம் எதுவாயினும் ஆகுக. அதன் பயன், பிரபுவின் மகனும் கூலிக்காரன் மகளும் ஒரே ஏட்டில், ஒரே மையில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர் பெற்றனர் என்பதே. பெயர் எழுதப்பட்டவர் பின்னாளில் எவ்வளவு எளியவராய் வாழ்ந்தாலும், அவர் வாழ்ந்தார் என்பதற்கு ஒரு வரி சான்றாயிற்று.

இதனால் அப்பங்கு இன்ப உலகமாய் இருந்தது என்று எவரும் கொள்ளவேண்டா. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வறியவரைத் தாங்கும் பொறுப்பைப் பங்கின்மேல் வைத்தது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டமோ, வேற்றுப் பங்கிலிருந்து வந்து தங்கிய ஏழையைத் திருப்பியனுப்பும் உரிமையையும் அளித்தது. அவன் நோயுற்றுத் தம் பங்கின்மேல் சுமையாகிவிடுவானோ என்று அஞ்சி எல்லைக்கு அப்பால் ஏற்றிவிட்ட செய்திகளும் அந்நாட்டு ஏடுகளில் உண்டு. இந்தக் கொடுமையை நாம் அறிவதும், எழுதிவைத்தமையால்தான் என்பதை மறக்கலாகாது.

இத்தகைய ஒரு பங்கைப்பற்றி எழுந்த நூல்களுள் புகழ்மிக்கது கில்பர்ட் வைட் என்னும் குருவானவர் எழுதிய "செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மையும்". 1789ஆம் ஆண்டின் பதிப்பு. செல்போர்ன் ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூர். வைட் 1720இல் அங்கேயே பிறந்தார். பெரும்பகுதி வாழ்நாளை அங்கேயே கழித்து 1793இல் அங்கேயே மறைந்தார். அவ்வூர்க் கோயிலில் உதவிக் குருவாகப் பணியாற்றினாரேயன்றி அதன் பங்குக் குருவாக ஒருநாளும் ஆகவில்லை. நூல் முழுதும் கடித வடிவம்: பென்னன்ட் என்பவருக்கு 44, பாரிங்டன் என்பவருக்கு 66. சில கடிதங்கள் அஞ்சலில் செல்லாமலே நூலுக்கென எழுதிச் சேர்க்கப்பட்டவை. ஆயினும் படிப்பவர்க்கு அது தோன்றாது. அண்டை வீட்டார் ஒருவர் திண்ணையில் அமர்ந்து பேசுவது போன்ற நடை.

வைட்டின் சிறப்பு அவருடைய பொறுமை. ஒரே தோற்றமுடைய பறவை ஒன்று என்று பிறர் எண்ணியிருந்ததை, மூன்று வேறு குரல்களைக் காதால் கேட்டு, மூன்று இனம் என்று பிரித்துக் காட்டினார். மண்புழு இல்லையேல் மண் வளம் குன்றும் என்று, பிறர் இழிவாக நினைத்த உயிரைப்பற்றி எழுதினார். தம் அத்தை வளர்த்த ஆமை ஒன்றின் உறக்கத்தையும் விழிப்பையும் ஆண்டுக்கணக்கில் குறித்தார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. நான் சுட்ட விரும்புவது, பறவை விரும்பிகள் விரைந்து புரட்டிவிடும் ஒரு பகுதி. 1783ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் எடுத்த கணக்கின்படி செல்போர்னில் குடும்பங்கள் 136, மக்கள் 676. இதனைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. பங்குப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, 1720 முதல் அறுபது ஆண்டுகளில் பிறந்தார் எத்துணையர், இறந்தார் எத்துணையர் என்று பத்துப் பத்து ஆண்டாகப் பகுத்துக் காட்டுகிறார். ஊர் நலமாய் இருக்கிறதா என்னும் வினாவுக்கு அவர் உவமையால் விடை கூறவில்லை; எண்ணிச் சொன்னார்.

குறையும் உண்டு. அந்த 676 பேருள் எத்தனைபேரை நாம் அந்நூலில் முகமறிந்து பழகுகிறோம்? மிகச் சிலரையே. தகைவிலான் குருவியின் வாழ்வை அறிந்த அளவுக்கு, வேலி கட்டிய கூலியாளின் வாழ்வை நாம் அறியோம். நூலின் பின்பாதியாகிய தொன்மைப் பகுதியில்தான் ஊரின் பழைய ஆவணங்களும் கோயிற் செய்திகளும் உள்ளன. அதனையோ பிற்காலப் பதிப்பாளர் பலர் சுவையற்றதென வெட்டியெறிந்தனர். பறவை நின்றது, ஊர் போயிற்று. ஒரு நூலின் வரவேற்பே அந்நூலின் நடுநிலையைச் சாய்த்துவிட்டமைக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

இக்குறையை நிறைவிப்பதுபோல் அமைந்த நூல் ஏமன் டஃபி என்னும் வரலாற்றறிஞர் 2001இல் வெளியிட்ட "மோர்பத்தின் குரல்கள்". மோர்பத் டெவன் மாநிலத்தில் எக்ஸ்மோர் மேட்டுநிலத்தின் ஓரத்துச் சிற்றூர். 33 குடும்பங்களே வாழ்ந்தன. 1520 முதல் 1574 வரை கிறிஸ்டபர் டிரைக்கே என்னும் ஒரே குரு அங்கே இருந்தார். அந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் அரசு பலமுறை கைமாறிற்று. சமயமோ முன்னும் பின்னுமாகப் புரண்டது. குரு செய்ததெல்லாம் கோயில் கணக்கை எழுதி, ஆண்டுதோறும் ஊரார்முன் படித்துக் காட்டியதே. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு யார் வீட்டில் மேய்கிறது, தேன்கூட்டின் வருவாய் எவ்வளவு, மெழுகுவர்த்திக்கு யார் தந்தது எவ்வளவு: இவ்வளவுதான் செய்தி. இறந்தோர் திருப்பலிக்குரிய கருநிற உடைக்காக அவர் இருபது ஆண்டுபோல் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார், 1547இல் வாங்கினார், அடுத்த ஓரிரண்டு ஆண்டுக்குள் அவ்வுடைக்கே இடமில்லாத புதுச் சட்டம் வந்துவிட்டது. இந்தத் துயரத்தை அவர் ஒரு சொல்லாலும் எழுதவில்லை. தொகைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் நமக்கே அது தோன்றுகிறது. 1549இல் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து மேற்குச் சீமையார் கிளர்ந்தபோது, அவ்வூர் இளைஞர் ஐவரை ஊர்ப்பணத்தால் ஆயத்தம் செய்து அனுப்பிய செய்தியும் அக்கணக்கிலேயே உள்ளது.

ஒரு செய்தியைத் தமிழாசிரியர்கள் சிறப்பாக நோக்கவேண்டும். டஃபி அவ்வேட்டை வெறுமையிலிருந்து கண்டெடுக்கவில்லை. அதே ஊர்க் குருவாகிய பின்னி என்பவர் 1904இலேயே அதனைப் படியெடுத்து அச்சிட்டு வைத்திருந்தார். அவர் பெரும்புலவர் அல்லர்; படியெடுத்தலில் பிழைகளும் இருந்தன. ஆயினும் அந்தச் சிறு தொண்டு நூறாண்டு கழித்துப் பெருநூலாயிற்று.

இனி நம் பக்கம். ஊரைப்பற்றி எழுதும் மரபு தமிழர்க்கு இல்லை என்பது அறியாமை. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில், முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்டவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என ஊராட்சி பகுக்கப்பட்டதும், உறுப்பினர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுவர் என்பதும் கல்லிலேயே உள்ளன. கிராம்வெல்லின் ஆணைக்கு ஆறு நூற்றாண்டு முற்பட்டது இது என்று நாம் மார்தட்டிக்கொள்வதுண்டு. தட்டலாம்; ஆனால் அக்கல்லையே மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். நிலமும் சொந்த மனையும் உடையவனே அங்கே தகுதியுடையான். ஏரியைத் தூர்வாரியவன் பெயர் கல்லில் இல்லை.

தலபுராணங்கள் மற்றொரு வகை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்போல் பல ஊர்களுக்குப் புராணம் பாடியோர் வேறு மொழியில் அரியர். அவற்றின் கவிச்சுவையை நான் குறைகூறவில்லை. எனினும், நாட்டுப் படலமும் நகரப் படலமும் எவ்வூருக்கும் பொருந்துமாறு பாடப்பட்டவை. ஓர் ஊரின் நகரப் படலத்தை மற்றோர் ஊர்ப் புராணத்தில் எடுத்து வைத்தால் ஊரார்க்கே வேறுபாடு தெரியாது. நம் மாணவனின் மாதிரிக் கட்டுரைக்குப் பாட்டன் இதுவே என்பது என் துணிபு.

டாக்டர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் "தமிழகம் ஊரும் பேரும்" 1946இல் வெளிவந்தது. மலை, காடு, வயல், குலம், கோ, தேவு என்று வகைப்படுத்தி, சிதைந்த பெயர்களின் செவ்வடிவைக் கல்வெட்டாலும் இலக்கியத்தாலும் நிறுவிய அருமை அந்நூலுக்கு உண்டு. அதனைக் கற்ற பின்னர், ஊர்ப்பெயரை ஓசையால் மட்டும் பிரித்துப் பொருள் கூறுவோர் நாணவேண்டும். அந்நூல் பெயரோடு நின்றது. அதன் எல்லை அதுவே. அதனைக் குறையெனல் ஆகாது. ஆனால் பின்வந்தோர் அந்த எல்லையை ஊர் வரலாற்றின் எல்லையாகவே கொண்டுவிட்டனர்.

மறுபுறம் கால்டுவெல் ஐயரின் எழுத்து. இடையன்குடி நம் தமிழ்நாட்டில் ஆங்கிலப் பங்குக்கு மிக நெருங்கிய ஊர். 1841இல் அங்கே குடியேறிய கால்டுவெல், தெருக்களை நேராக வகுத்து, மரம் நட்டு, கோயிலும் பள்ளியும் எழுப்பி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாழ்ந்தார். அவ்வூர்க் கோயிலிலேயே அடக்கமானார். அவருடைய ஒப்பிலக்கணம் தமிழர்க்கு அளித்த பெருமையை நாம் போற்றுகிறோம். ஆனால் அம்மக்களைப்பற்றி அவர் 1849இல் வெளியிட்ட சிறுநூலை எடுத்துப் பாருங்கள். பனையேறும் தொழிலைக் கண்ணால் கண்டு எழுதிய பகுதிகள் தெளிவானவை. அம்மக்களின் அறிவையும் இயல்பையும் எடைபோடும் பகுதிகளோ கசப்பானவை. அந்நூல் அம்மக்களிடையே பெரும் எதிர்ப்பை எழுப்பியது வியப்பன்று. வைட் தம் ஊரை எழுதினார். கால்டுவெல் தம் பொறுப்பிலிருந்த ஊரை எழுதினார். இவ்விரண்டுக்கும் இடையே எத்துணைத் தொலைவு!

நம்மவர் ஒருவர் நம் ஊரை வைட்டுக்கு இணையாக எழுதிய இடம் ஒன்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் "என் சரித்திரம்" 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதன் முதல் அத்தியாயமே "எங்கள் ஊர்". உத்தமதானபுரம் என்னும் பெயர் எழுந்த கதையை முதலிற் சொல்கிறார். ஏகாதசியன்று வெற்றிலை தரித்துவிட்ட அரசனின் கதை அது. கதையோடு அவர் அமைந்துவிடவில்லை. தம் இளமையில் ஊர் இருந்த நிலை எது, இப்போது மாறிய நிலை எது என்று வீட்டையும் வழியையும் பழக்கத்தையும் வரிசையாகக் காட்டுகிறார். கதையைக் கதையாகவும், கண்டதைக் கண்டதாகவும் வைத்தமையே அவருடைய திறன். பள்ளியில் "எங்கள் ஊர்" எழுதப் பயிற்றுவோர் இவ்வத்தியாயத்தை மாதிரியாக எடுப்பாராயின் வயலும் ஏரியும் தாமே விலகும்.

இனிச் செங்காங். 1990களில் திட்டமிட்டு எழுப்பிய புதுநகரம். இன்று ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். 2003ஆம் ஆண்டில் வடகிழக்கு ரயில் பாதையும், கிழக்குச் சுற்று இலகு ரயிலும் வந்தன. "ஒன்றுமில்லாத இடம், ஊராயிற்று" என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இதனை நான் மறுக்கிறேன். மறுப்பதற்குச் சான்று தேடி எங்கும் போகவேண்டா. இலகு ரயிலில் ஏறி அமர்ந்தால் போதும். ரும்பியா என்பது மலாய் மொழியில் சவ்வரிசி தரும் பனையினம். பாக்காவ் சதுப்புநிலத்துக் கண்டல் மரம். ரங்கோங் நீர்ப்பறவை, சிராங்கூன் என்னும் பெயரே இதிலிருந்து வந்தது என்பர். மேற்குச் சுற்றில் லாயார் என்றால் பாய்மரத்துப் பாய். தொங்காங் என்றால் நம்மவரும் தொங்கான் என்று வழங்கிய சரக்குப் படகு. கூப்பாங் என்றால் சிப்பி வகை. மரம், பறவை, படகு, சிப்பி: குறிஞ்சி முல்லை என்று பயிற்றும் ஆசிரியர், நெய்தல் திணையின் கருப்பொருளை மாணவர்க்கு இப்பாதையிலேயே கற்பித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. அப்பாதையில் தங்காம் என்றொரு நிலையம் உண்டு. கேட்டவுடன் நம்மவர் சிலர் "தங்கம்" என்று மகிழ்வர். ஒலி ஒத்தது என்பது ஒன்றே சான்றாகாது. செங்காங்கைச் செம்மை என்னும் பண்படியாகப் பிரித்துவிடவும் இடமுண்டே! உண்மையில் அது லோரோங் செங்காங் என்ற பழைய சாலையின் பெயர். சீனத்தில் செழிப்புள்ள துறை என்று பொருள்பட எழுதுவர். பக்கத்துப் புவாங்கோக்கின் கதை இன்னும் சுவையானது. அப்பகுதியில் நிலம் வைத்திருந்த சிங்கப்பூர் யுனைட்டெட் ரப்பர் தோட்ட நிறுவனத்தின் பெயரிலுள்ள "ஒன்றுபட்ட" என்னும் சொல்லைச் சீனர் தம் மொழியில் வழங்கிய வழக்கே அச்சாலைப் பெயராயிற்று என்பது பெயராய்வாளர் கூற்று. தோட்டம் போயிற்று, நிறுவனம் போயிற்று, பெயர்மட்டும் ரயில் நிலையத்தில் நிற்கிறது.

காங்கார் என்னும் பெயரில் சற்று நிற்போம். தியோச்சியு மொழியில் ஆற்றின் அடி, ஆற்றங்கால் என்பது பொருள். மிளகும் காம்பியரும் பயிரிட்ட காலத்தில், ஓர் ஆற்றங்கரையின் உரிமையைப் பெற்ற சீனத் தலைவர் காங்சூ எனப்பட்டார். அவர் குடியிருப்பும் படகுத்துறையும் அமைந்த இடம் காங்கார். சிராங்கூன் ஆற்றங்கரைக் காங்கார் பின்னர் மீனவர் ஊராயிற்று, 1980களில் கலைக்கப்பட்டது. அந்த மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் உரிய பங்குதான் நான் தேடிய சிற்றூர்ப் பங்கு. அப்பர் சிராங்கூன் சாலையில் இன்றும் நிற்கும் தூய கன்னிமரியாள் பிறப்பு ஆலயம் அதன் நடுவிடம்.

பாரிஸ் வெளிநாட்டு மறைபோதகர் சபையைச் சேர்ந்த குருமார் தியோச்சியு தோட்டக்காரர்களுக்காக 1850களின் தொடக்கத்தில் இங்கே சிற்றாலயம் அமைத்தனர். காலத்தை நோக்குக. 1851இல் தான் கிறிஸ்தவரான சீனத் தோட்டக்காரர்மீது இரகசியச் சங்கத்தார் தாக்குதல் நடத்திப் பலரைக் கொன்றனர், தோட்டங்கள் அழிந்தன. அந்த அச்சம் அடங்குமுன் காட்டினுள்ளே ஒரு கோயில் எழுந்ததென்றால், அது வழிபாட்டிடம் மட்டுமன்று, புகலிடமும் ஆம். இப்போதுள்ள கோதிக் பாணிக் கட்டடம் 1901இல் முடிந்தது. வரைந்தவர் நேன் என்னும் குருவானவர். விக்டோரியா சாலைக் கன்னிமாடத்தின் சிற்றாலயமும் அவர் கைவண்ணமே. 2005இல் சிராங்கூன் ஆலயம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆலயத்தைச் சுற்றிப் பள்ளிகள் எழுந்தன. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் பலர் மலாயாவின் பகாவ் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டுக் காய்ச்சலாலும் பட்டினியாலும் மடிந்தனர். ஆயர் டெவால்ஸ் அவர்களும் 1945இல் உயிர்நீத்தார்.

மோர்பத்தைப் போலவே இங்கும் குரு வந்தார், ஏடு வைத்தார், திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் எழுதினார். ஊர் கலைந்து, மீனவர் அடுக்குவீடுகளுக்குச் சென்ற பின்னரும் அப்பங்கு கலையவில்லை. காங்காரின் நினைவு நிலைத்திருப்பதற்கு ரயில் நிலையப் பெயர் காரணமன்று. இத்தகைய ஏடும், ஞாயிறுதோறும் கூடும் கூட்டமும் காரணம்.

இந்த இடத்தில் தமிழர் ஒருவர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. அதே சாலையின் மறுமுனையில் நாம் இருந்தோம். சிராங்கூன் சாலை நகரிலிருந்து புறப்படும் முனை, சுண்ணாம்புக் காளவாய்களால் சுண்ணாம்புக் கம்பம் என்று நம்மவர் வழங்கிய இடம். வீரமாகாளியம்மன் கோயில் அங்கே நிற்கிறது. ஒரு முனையில் காளியம்மை, மறுமுனையில் கன்னிமரியாள். இடையே சில மைல். தமிழ்க் கத்தோலிக்கருக்கு ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. நகர முனைத் தமிழரைப்பற்றிக் கோயிலும் கடையும் பத்திரிகையும் சாட்சி சொல்கின்றன. இந்தத் தீவின் சாலைகளை அமைத்ததில் இந்தியக் கைதிகளின் உழைப்பும், ரப்பர்த் தோட்டங்களில் தமிழரின் உழைப்பும் உண்டு என்பதை எவரும் மறுக்கார். ஆனால் சாலையின் இந்த முனையிலே, செங்காங் புவாங்கோக் பக்கத்திலே பால்வெட்டிய குடும்பம் ஒன்றின் பெயரைச் சொல்லுமாறு கேட்டால் நம் கட்டுரையாளர்கள் "தமிழர் பலர் உழைத்தனர்" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். "பலர்" என்பது பெயரன்று. செல்போர்னில் 676 என்று எண்ணினார்கள், மோர்பத்தில் 33 வீட்டையும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது, நாம் "பலர்".

தோட்டத் தமிழனுக்குப் பங்குக் குரு இல்லையே, ஏடு எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். ஏடு உண்டு. தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியன் என்ற முறையில் அதனைக் கையால் தொட்டுப் பழகியவன் என்பதால் இதனைத் துணிந்து கூறுகிறேன். கிராணி வைத்த செக்ரோலில் ஆளின் பெயரும் நாட்கூலியும் உண்டு; பெரட்டுக்கு வந்த நாளும் வராத நாளும் உண்டு. அது முதலாளியின் தேவைக்கு எழுந்த ஏடு. அதில் ஆள் உண்டு, குடும்பம் இல்லை. பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு அவ்வாறன்று. பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தகப்பன் செய்யும் தொழில், குடியிருக்கும் லயம், சேர்ந்த நாள், நீங்கிய நாள், நீங்கிய காரணம். இந்த எட்டுக் கட்டத்தை வரிசையாக இருபது ஆண்டுக்குப் படித்தால் ஒரு தோட்டத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் கண்முன் நிற்கும். ஒரே மாதத்தில் பலர் "வேறு தோட்டம்" என்று நீங்கியிருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் நான்காம் வகுப்போடு நின்றார்களா, ஆறாம் வகுப்பை எட்டினார்களா என்பதை எந்த மேடைப்பேச்சையும்விட அப்பதிவேடு நேர்மையாகச் சொல்லும். நம்மவர்க்கு அதுவே பங்குப் பதிவேடு. டிரைக்கே குருவின் கணக்கைப் போலவே அதுவும் உணர்ச்சிச் சொல் ஒன்றும் இன்றி எழுதப்பட்டது.

சிங்கப்பூரில் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இறுதியாக உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது. ஒரு பள்ளி மூடப்படும்போது மேசை நாற்காலிகளுக்குக் கணக்கு எடுப்பர். பதிவேட்டைப் பழந்தாள் என்று கருதும் மனப்பான்மைதான் நம் பகை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பெட்டிகளிலும், பள்ளிக் குழுவினர் வீட்டு அலமாரிகளிலும் தேடவேண்டிய ஏடுகள் இவை. கிடைத்தவற்றைப் படியெடுத்தல் வேண்டும். அதற்குப் பின்னி ஐயருக்கு இருந்த புலமைகூடத் தேவையில்லை. உயிரோடு இருப்பவர்க்கு ஊறு நேராதவாறு, நீங்கிய காரணம் போன்ற கட்டங்களை வெளியிடாமல் காத்துவைக்கும் நாகரிகம் மட்டும் தேவை.

ஏடு இல்லாத இடத்தில் வாய்மொழி உண்டு. சிங்கப்பூர் ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979இல் தொடங்கியது. தமிழர் நேர்காணல்களும் அதில் உள்ளன. இவற்றைத் தமிழ் வகுப்பில் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? நல்ல பேச்சுத் தமிழுக்கும் அவை கருவூலம். ஆனால் கேட்பவர் கேட்கத் தெரிந்து கேட்கவேண்டும். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எந்த முதியவரும் வயலும் ஏரியுமாகவே விடை சொல்வார், அவரும் மாதிரிக் கட்டுரை படித்தவரே. தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், பக்கத்து வீட்டில் யார் இருந்தார், கடைக்காரர் எந்த ஊர்க்காரர், கடன் எவ்வளவு நாள் பொறுப்பார், பிள்ளை பெற்ற வீட்டுக்கு யார் வந்து பார்த்தார் என்று கேட்டால் வரலாறு வரும்.

"செங்காங் புது ஊர், தமிழர் அங்கே நேற்று வந்தவர், அதற்கு என்ன வரலாறு?" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். வாதம் வலிமையற்றது. வைட் கணக்கெடுத்தபோது 1783 என்பது அவருக்கும் நேற்றுத்தான். ரிவர்வேல் கிரசண்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அப்பெயரைச் சற்று நின்று படியுங்கள். தொல்காப்பியம் அறிந்த சேயோனும், ரயில்பாதைத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் மரத்தடியில் கல் நட்டுக் கும்பிட்ட காவல் தெய்வமும் ஒரே பெயர்ப்பலகையில் சேர்ந்து நிற்கின்றனர். இச்சேர்க்கை எவ்வாறு நேர்ந்தது, அதனை முதலில் கும்பிட்டவர் எவ்விடத்தில் வாழ்ந்தார், அவர் பிள்ளைகள் இன்று எந்த அடுக்குமாடியில் உள்ளனர் என்பதை அவ்வூர்ப் பள்ளி மாணவர் இருபதின்மர் ஒரு தவணைக்குள் கேட்டு எழுதிவிடலாம். முதிய பக்தர்கள் வெள்ளிக்கிழமை மாலையில் வருவர்; குறிப்பேடும் எழுதுகோலும் போதும். முதல் பக்கத்தில் கேட்டவர் பெயர், சொன்னவர் பெயர், நாள், இடம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளச் செய்தல் ஆசிரியர் கடன்.